ஒன்பது நெடுவரிசைகளில் ஒரு செம்பனை

செம்பனைப் பழத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மரம் எந்த வகை என்பது அப்போதே தெரிந்துவிடும். நடுவில் பருப்பு, பருப்பைச் சுற்றி ஓடு, ஓட்டைச் சுற்றி எண்ணெய் ஊறிய ஆரஞ்சு நிறச் சதை. ஓடு தடித்துச் சதை குறுகியிருந்தால் அது டூரா. ஓடே இல்லாவிட்டால் பிசிஃபெரா. ஓடு மெலிந்து, அதைச் சுற்றிக் கரிய நார்கள் வளையமாகத் தெரிந்தால் டெனெரா. மலேசியாவின் செம்பனைத் தொழில் இந்த மூன்றாவது வகையை நம்பித்தான் நடக்கிறது. டூராவைவிட டெனெரா ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும். பிசிஃபெராவில் பெரும்பாலும் குலையே தங்காது.

ஆனால் பழம் வரும்வரை கத்திக்கு வேலை இல்லை. நாற்றுப்பையில் நிற்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். நட்டு, உரமிட்டு, களையெடுத்து, குலை தள்ளும்வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கன்று தப்பானது என்று அதன் பிறகு தெரிந்து பெரிய பயன் இல்லை. செம்பனை சுமார் 25 ஆண்டு ஓரிடத்தில் நின்று காய்க்கிற பயிர்.

சிலாங்கூரில் செம்பனையின் கதை பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே போட்டதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். அதன் பின் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் பரவின. குலை வெட்டியும் உதிரிப் பழம் பொறுக்கியும் தலைமுறைகளைக் கழித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்றைய பெட்டாலிங் ஜெயாவே எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின் மேல் 1950களில் எழுந்த ஊர்தான். மரங்கள் போய்விட்டாலும் மரங்களைப் பற்றிய முடிவுகள் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் எடுக்கப்படுகின்றன. பெட்டாலிங் ஜெயாவின் ஆரா டாமன்சாராவில் தலைமையகம் வைத்திருக்கும் தோட்ட நிறுவனம் ஒன்று உண்டு. அரசின் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் தெற்கே பண்டார் பாரு பாங்கியில் இருக்கிறது.

ஓட்டின் தடிமனைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு. இதை 1941இலேயே பெல்ஜிய காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் கலப்பு ஆய்வுகளால் காட்டிவிட்டார்கள். டூராவையும் பிசிஃபெராவையும் கலந்தால் கிடைப்பது டெனெரா. அந்த மரபணு எங்கே இருக்கிறது, அதன் டிஎன்ஏயில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை வர இன்னும் 72 ஆண்டுகள் ஆயின. 2013இல் 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று ஆப்பிரிக்கச் செம்பனையின் முழு ஜீனோம் பற்றியது. மற்றது ஓட்டுக்குக் காரணமான 'ஷெல்' மரபணு பற்றியது. இரண்டுக்கும் முதல் ஆசிரியர் பாங்கி வாரியத்தின் ராஜிந்தர் சிங். அதே வாரியத்தின் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மார்ட்டீன்சென், செயின்ட் லூயிஸ் நகரின் ஓரியன் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தார் ஆகியோர் இந்த முயற்சியில் முக்கியமானவர்கள்.

செம்பனையின் ஜீனோம், அதாவது அதன் டிஎன்ஏ முழுவதும், 180 கோடி எழுத்து நீளம். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள், 16 ஜோடிக் குரோமோசோம்களில். அவர்கள் கோத்தெடுத்தது அதில் 153.5 கோடி எழுத்துகளை. அதை அப்படியே ஒருவரிடம் கொடுத்தால் அவருக்கு எதுவும் புரியாது. எங்கே மரபணு தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எந்தத் துண்டு வெட்டி எறியப்படுகிறது என்று எழுத்து வரிசை தானாகச் சொல்வதில்லை. அதைச் சொல்ல இன்னொரு கோப்பு வேண்டும். ஜீனோம் ஆய்வில் உழைப்பவர்களின் பகல் பொழுதை விழுங்குவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கோப்புதான். இந்த அத்தியாயமும் அதைப் பற்றியதே.

அதற்குக் குறிப்புக் கோப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அதன் மிகப் பரவலான வடிவம் ஜிஎஃப்எஃப்3. திறந்து பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒரு வரிக்கு ஒரு செய்தி, ஒவ்வொரு வரியிலும் ஒன்பது நெடுவரிசைகள், இடையில் டேப் இடைவெளி. முதல் நெடுவரிசையில் குரோமோசோமின் பெயர். இரண்டாவதில் இதைச் சொன்னது யார், அதாவது எந்த மென்பொருள் அல்லது எந்த நிறுவனம். மூன்றாவதில் இது என்ன வகை: மரபணுவா, அதிலிருந்து படியெடுத்த எம்ஆர்என்ஏவா, வெட்டி ஒட்டிய பின் அந்தப் படியில் தங்கும் துண்டான எக்ஸானா, புரதமாக மாறும் பகுதியா. நான்காவதும் ஐந்தாவதும் தொடக்க எண், முடிவு எண். ஆறாவது மதிப்பெண், பெரும்பாலான வரிகளில் வெறும் புள்ளி. ஏழாவது, டிஎன்ஏயின் இரண்டு இழைகளில் எது என்பதற்கான கூட்டல் அல்லது கழித்தல் குறி. எட்டாவது, புரதப் பகுதியை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க எத்தனை எழுத்து தள்ளித் தொடங்க வேண்டும் என்ற எண்: 0, 1 அல்லது 2. ஒன்பதாவதில்தான் மீதி எல்லாம் திணிக்கப்பட்டிருக்கும்: அடையாள எண், பெற்றோரின் அடையாள எண், பெயர், என்ன புரதம், வேறு எந்தத் தரவுத்தளத்தில் என்ன எண்.

1990களில் மரபணுவைத் தேடும் மென்பொருள்கள் ஆளுக்கொரு வடிவத்தில் விடையை எழுதிக்கொண்டிருந்தன. 1997இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் டர்பின், டேவிட் ஹவுஸ்லர் ஆகியோர் முன்வைத்த பொது வடிவத்திலிருந்து இந்தக் குடும்பம் பிறந்தது. மூன்றாம் பதிப்பை வரையறுத்தவர் லிங்கன் ஸ்டைன். அவர் அப்போது பணியாற்றியதும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில்தான்.

ஒன்பதாவது நெடுவரிசையில் உள்ள 'பேரன்ட்' என்ற சொல்தான் இந்த வடிவத்தின் உயிர். ஒரு மரபணுவுக்கு ஒரு வரி. அதன் எம்ஆர்என்ஏ ஒவ்வொன்றுக்கும் தனி வரி. பேரன்ட் அந்த மரபணு. எக்ஸான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பேரன்ட் அந்த எம்ஆர்என்ஏ. ஒரே எக்ஸான் இரண்டு எம்ஆர்என்ஏக்களுக்குப் பொதுவாக இருந்தால் இரண்டு பெற்றோரின் பெயரும் காற்புள்ளியிட்டு வரும். புரதப் பகுதி பல துண்டாக இருந்தால், பல வரிகள் ஒரே அடையாள எண்ணைச் சுமந்து வரும். அவை அனைத்தும் சேர்ந்துதான் ஒரு பொருள். இதைக் கவனிக்காமல் வரிகளை மட்டும் எண்ணினால் ஒரு மரபணு பத்தாகத் தெரியும். வரிகள் வரிசையாக வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிள்ளை முன்னாலும் பெற்றோர் நூறு வரி பின்னாலும் வரலாம்.

பார்ப்பதற்கு அட்டவணை மாதிரி இருப்பதால் பலருக்கு முதலில் எழும் ஆசை, எக்ஸெலில் திறப்பது. அது கூடாது. எக்ஸெல் தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. மனித ஜீனோமின் ஜென்கோடு குறிப்புக் கோப்பு அதைத் தாண்டிவிடும். அதைவிட மோசம், எக்ஸெல் கேட்காமலே திருத்துவது. மனித மரபணுக்களில் 'செப்ட்1', 'மார்ச்1' என்று பெயர் கொண்டவை இருந்தன. எக்ஸெல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். எக்ஸெல் இணைப்பாக மரபணுப் பட்டியல் தந்த ஆய்வுக் கட்டுரைகளை மெல்போர்னில் மூன்று ஆய்வாளர்கள் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. செப்ட்1 செப்டின்1 ஆயிற்று, மார்ச்1 மார்ச்எஃப்1 ஆயிற்று. மென்பொருளின் பழக்கத்துக்காக மரபணுக்கள் பெயர் மாறியது வருத்தப்பட வேண்டிய விஷயம்தான். என்றாலும் அது சரியான முடிவு. பிழையின் விலை அவ்வளவு பெரிது.

இரண்டாவது ஆசை, நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு வருவது. பைத்தான் மொழியில் கோப்பைத் திறந்து, வரி வரியாகப் படித்து, டேப் இருக்கும் இடத்தில் வெட்டி, ஒன்பது துண்டுகளைக் கையில் எடுப்பது. மூன்று வரி நிரலில் முடிந்துவிடும். முதல் நாள் ஓடவும் செய்யும். இரண்டாம் நாள் வேறு கோப்பு வரும்போது உடையும். ஒன்பதாவது நெடுவரிசையை அரைப்புள்ளியில் வெட்டினால் போதும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு புரதத்தின் பெயருக்குள்ளேயே காற்புள்ளியோ அரைப்புள்ளியோ இருந்தால் அதைச் சதவீதக் குறியோடு மறைத்து எழுத வேண்டும் என்பது விதி. அந்த மறைப்பை அவிழ்க்க நிரல் தெரிந்திருக்க வேண்டும். சில கோப்புகளின் கடைசியில் குறிப்புகள் முடிந்து எழுத்து வரிசையே தொடங்கிவிடும். 'ஃபாஸ்டா' என்ற அறிவிப்பு வரி அதைச் சொல்லும். அதைக் கவனிக்காத நிரல் ஏ, சி, ஜி, டி மழையில் ஒன்பது நெடுவரிசைகளைத் தேடிக்கொண்டிருக்கும்.

இவை எல்லாம் நிரல் நின்றுபோகும் பிழைகள். நின்றுபோவது நல்லது, உடனே தெரிந்துவிடும். நிற்காமல் ஓடித் தவறான விடையைத் தருகிற பிழைதான் ஆபத்தானது. அதற்கு ஷெல் மரபணுவைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

ஜிஎஃப்எஃப்3 எழுத்துகளை 1இலிருந்து எண்ணும். தொடக்கமும் முடிவும் இரண்டுமே கணக்கில் சேரும். 101 முதல் 103 வரை என்றால் மூன்று எழுத்துகள். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் பிறந்த 'பெட்' என்ற இன்னொரு வடிவம் 0இலிருந்து எண்ணும். முடிவு எண் கணக்கில் சேராது. அதே மூன்று எழுத்துகள் அங்கே 100 முதல் 103 வரை. பைத்தான் மொழியும் 0இலிருந்துதான் எண்ணும். வித்தியாசம் ஒன்றே ஒன்று.

இப்போது ஷெல்லுக்கு வரலாம். இந்த மரபணு உருவாக்கும் புரதம் டிஎன்ஏயைப் பற்றிக்கொண்டு மற்ற மரபணுக்களை இயக்குவது. அராபிடாப்சிஸ் செடியில் விதை வளர்ச்சியைக் கவனிக்கும் 'சீட்ஸ்டிக்' மரபணுவுக்கு உறவு. 2013இல் கண்டுபிடித்த இரண்டு மாற்றங்களும் டிஎன்ஏயைப் பற்றும் பகுதியில், ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்தன. ஒன்றில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் வந்தது. மூன்று எழுத்து சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். சி, டி, பிறகு ஏதேனும் ஓர் எழுத்து என்றால் லூசின். சி, சி, பிறகு ஏதேனும் ஓர் எழுத்து என்றால் புரோலின். அதாவது நடு எழுத்து டி, சியாக மாறியிருக்கிறது. ஓடு இல்லாமல் போக இந்த ஓர் எழுத்து போதும்.

ஒரு மாணவி அந்த நடு எழுத்தின் இட எண்ணை 1இலிருந்து எண்ணும் கோப்பிலிருந்து எடுத்து, கழிக்காமல் அப்படியே பைத்தானிடம் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மரபணு கூட்டல் இழையில் இருந்தால் பைத்தான் தொடுவது அடுத்த எழுத்தை, அந்த மூன்றில் கடைசி எழுத்தை. சி, டி என்று தொடங்கும் மூன்றெழுத்தில் கடைசி இடத்தில் எந்த எழுத்தைப் போட்டாலும் விடை லூசின்தான். ஆகவே நிரல், புரதம் மாறவில்லை, இது தீங்கற்ற மாற்றம் என்று சொல்லிவிடும். செம்பனைத் தொழிலின் மிக முக்கியமான மரபு மாற்றம் 'ஒதுக்கலாம்' என்ற பட்டியலுக்குப் போய்விடும். நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது. கழித்தல் இழையில் இருக்கும் மரபணுவானால் இன்னும் ஒரு படி சிக்கல். அங்கே எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் அதன் இணை எழுத்தைப் போட்டுப் படிக்க வேண்டும். ஆனாலும் கோப்பில் தொடக்க எண் எப்போதும் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். மரபணுவின் உண்மையான தொடக்கம் பெரிய எண் பக்கம்.

இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் லைப்ரரி. வேறொருவர் ஏற்கெனவே எழுதி, சோதித்து, பிழை திருத்தி, பொதுவில் வைத்திருக்கும் நிரல்களின் தொகுப்பு. உயிரியலுக்கான பைத்தான் தொகுப்புகளில் மூத்தவற்றில் ஒன்று பயோபைத்தான். 1999இல் தன்னார்வலர்களால் தொடங்கியது, இன்றும் அவர்களாலேயே நடக்கிறது, இலவசம். அது ஜென்பாங்க் என்ற தரவுத்தளத்தின் கோப்புகளைப் படிக்கும்போதே தொடக்க எண்ணில் ஒன்றைக் கழித்து பைத்தானின் கணக்குக்கு மாற்றிவிடும். ஜிஎஃப்எஃப் படிப்பதற்கு பிராட் சாப்மேன் எழுதிய துணைத் தொகுப்பும் அதே வழியில் போகிறது. ரையன் டேல் எழுதிய 'ஜிஎஃப்எஃப்யூடில்ஸ்' வேறு முடிவு எடுத்திருக்கிறது. கோப்பில் என்ன எண் இருக்கிறதோ அதையே தரும். ஆக ஒரே கணினியில், ஒரே கோப்பில், ஒரே மரபணுவுக்கு இரண்டு லைப்ரரிகள் ஒன்று வித்தியாசப்படும் இரண்டு எண்களைத் தரும், இரண்டும் சரி. எந்த லைப்ரரியை எடுத்தாலும் அதன் விளக்கக் கையேட்டில் முதலில் தேடிப் படிக்க வேண்டிய பக்கம் இதுதான். பல பாடநூல்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டியது இது.

ஜிஎஃப்எஃப்யூடில்ஸ் செய்கிற வேலை அழகானது. கோப்பை ஒரு முறை முழுதாகப் படித்து, எஸ்க்யூஎல்லைட் என்ற சிறிய தரவுத்தளமாக வட்டில் எழுதிவைத்துவிடும். எந்த வரி எதன் பிள்ளை, எதன் பேரப்பிள்ளை என்ற உறவுகளும் அதில் பதிவாகும். அந்த முதல் படிப்புக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குப் பிறகு இந்த மரபணுவின் எக்ஸான்களை வரிசையாகக் கொடு, இந்தக் குரோமோசோமில் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்னென்ன இருக்கிறது சொல் என்று கேட்டால் நொடியில் வரும். பிள்ளை முன்னால் வந்தாலும் பெற்றோர் பின்னால் வந்தாலும் கவலை இல்லை. ஒரே அடையாள எண் இரண்டு இடத்தில் வந்தால் அது தானாக முடிவெடுக்காது. சேர்க்கவா, புதிய எண் கொடுக்கவா, நிறுத்தவா என்று நிரல் எழுதுபவரைத்தான் கேட்கும். அப்படிக் கேட்பதே நல்லது, ஏனென்றால் அந்த இரட்டிப்பு பிழையா அல்லது பல துண்டான ஒரே பொருளா என்பது கோப்பைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கோப்பில் எழுதாமல் விட்டதையும் லைப்ரரியைக் கொண்டு வருவிக்கலாம். இன்ட்ரான் அப்படி ஒன்று. எக்ஸான்களுக்கு நடுவே இருந்து, எம்ஆர்என்ஏ தயாராகும்போது வெட்டி எறியப்படும் பகுதி. பெரும்பாலான குறிப்புக் கோப்புகளில் இன்ட்ரானுக்கு வரியே கிடையாது. முதல் எக்ஸானின் முடிவு எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அடுத்த எக்ஸானின் தொடக்க எண்ணில் ஒன்றைக் கழித்தால் இன்ட்ரான் கிடைக்கும். எறியப்படும் பகுதிதானே, அதற்கு எதற்கு இவ்வளவு கவலை என்று தோன்றலாம்.

செம்பனை அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது. நல்ல மரம் ஒன்றிலிருந்து திசு எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி மரங்களை உருவாக்கலாம் என்ற நம்பிக்கை தொழிலுக்குள் வந்தபோது, அப்படி வளர்ந்த மரங்களில் சில விகாரமான பழம் தந்தன. பழத்தைச் சுற்றி வேண்டாத சதை மடல்கள் முளைத்தன, எண்ணெய் குறைந்தது, குலைகள் வீணாயின. 'மேன்டில்டு' என்று இந்தக் குறைபாட்டைச் சொல்வார்கள். டிஎன்ஏ எழுத்துகளை ஒப்பிட்டால் நல்ல மரத்துக்கும் கெட்ட மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பல ஆண்டுத் தேடலுக்குப் பின், 2015இல், மெய்லினா ஓங்-அப்துல்லாவை முதல் ஆசிரியராகக் கொண்ட பாங்கி குழுவும் அதன் அமெரிக்கக் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் காரணத்தை வெளியிட்டார்கள். பூவின் உறுப்புகளை வகுக்கும் 'டெஃபிசியன்ஸ்' மரபணுவின் ஓர் இன்ட்ரானுக்குள் 'கர்மா' என்ற இடம்பெயரும் டிஎன்ஏத் துண்டு உட்கார்ந்திருக்கிறது. வழக்கமாக அதன் மேல் மெத்தில் என்ற வேதிக் குறிகள் அடர்ந்து அதை அடக்கிவைத்திருக்கும். திசு வளர்ப்பில் அந்தக் குறிகள் உதிர்ந்துவிட்டால், எம்ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும்போது கர்மாவின் துண்டு உள்ளே புகுந்து, செய்தி பாதியிலேயே முடிந்துபோகும். பழம் கெடும்.

இதில் கோப்பு படிக்கும் வேலை எங்கே வருகிறது? மரபணுக்கள் ஒரு கோப்பில் இருக்கும். இடம்பெயரும் துண்டுகளும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளும் வேறு மென்பொருள் எழுதிய வேறு கோப்பில் இருக்கும். மெத்தில் அளவீடுகள் மூன்றாவது கோப்பில், பெரும்பாலும் பெட் வடிவத்தில். எந்த மரபணுவின் எந்த இன்ட்ரானுக்குள் எந்தத் துண்டு இருக்கிறது, அதன் மேல் மெத்தில் எவ்வளவு என்று கேட்பதற்கு மூன்று கோப்பின் எண்களும் ஒரே கணக்கில் நிற்க வேண்டும். இன்ட்ரானின் விளிம்பில், வெட்டும் இடத்தில், இரண்டு எழுத்துகள்தான் அடையாளம். ஒன்று பிசகினால் வெட்டும் இடமே தவறிப்போகும். ஆரன் குயின்லன் உருவாக்கிய 'பெட்டூல்ஸ்' இந்த ஒன்றின்மேல் ஒன்று விழும் கணக்கைச் செய்வதற்கென்றே இருப்பது. கோப்பு ஜிஎஃப்எஃப்பா பெட்டா என்று பார்த்து எண்ணிக்கையைத் தானே சரிசெய்துகொள்ளும்.

எண்கள் சரியாக இருந்தாலும், இன்னொரு தடங்கல் பெயர்களில் வரும். செம்பனையின் முதல் குரோமோசோமை ஒரு கோப்பு அதன் வரிசை எண்ணால் அழைக்கும். அமெரிக்க அரசின் என்சிபிஐ தரவு மையத்தின் கோப்பு 'என்சி' என்று தொடங்கும் நீண்ட பதிவெண்ணால் அழைக்கும். மனிதர் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்று புரியும். நிரலுக்கு அவை வெவ்வேறு. அது பொருந்தும் மரபணு ஒன்றுகூட இல்லை என்று அமைதியாக வெற்றுப் பட்டியலைத் தரும். வெற்று விடை வரும்போது உயிரியல் காரணம் தேடுவதற்கு முன் முதல் நெடுவரிசையைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

குறிப்பு எந்த மரத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2013இல் முழுதாகப் படித்தது அவ்ரோஸ் பரம்பரையைச் சேர்ந்த ஒரு பிசிஃபெரா மரத்தை. சுமத்ராவின் கிழக்குக் கரை ரப்பர் தோட்டக்காரர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் அவ்ரோஸ். அந்தப் பரம்பரையில் ஷெல்லின் இரண்டாவது மாற்றம் உண்டு: லைசின் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பராஜின். ஆக உலகம் முழுக்க ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் அந்த எழுத்து வரிசையே மாறிய எழுத்தைத் தாங்கியது. தடித்த ஓடுள்ள ஒரு டூராவை அதோடு ஒப்பிட்டால், டூராவின் பழைய, இயல்பான எழுத்துதான் 'மாற்றம்' என்று பட்டியலில் வரும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, புதிதாக வருபவர்களைத் தடுமாற வைப்பது. 2013ஆம் ஆண்டுக் கட்டுரை செம்பனையில் குறைந்தது 34,802 மரபணுக்கள் என்றது. 30 வகைத் திசுக்களின் ஆர்என்ஏ தரவைக் கொண்டு கணித்த எண் அது. 2017இல் அதே வாரியத்தின் சான் குவாங் லிம்மும் கூட்டாளிகளும் மறுபடி கணித்தார்கள். இரண்டு வெவ்வேறு கணிப்பு முறைகளின் விடைகளைச் சேர்த்து, ஆர்என்ஏ சான்றும் மற்றத் தாவரங்களின் புரதச் சான்றும் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டபோது கிடைத்தது 26,059. அவற்றில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மரபணுக்களுக்கு இன்ட்ரானே இல்லை. என்சிபிஐ தன் சொந்த மென்பொருளான நோமோனைக் கொண்டு வேறொரு கோப்பை எழுதிவைத்திருக்கிறது. அதில் மரபணுக்களின் பெயர்கள் 'லாக்' என்று தொடங்கும் எண்களாக இருக்கும்.

மரத்தின் டிஎன்ஏ இந்த நான்கு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது அதைப் பற்றிய முடிவு. நிலம் அங்கேயே கிடக்க, சர்வே எடுப்பவர் மாறும்போது பதிவேட்டில் எல்லைக் கோடு நகர்வது போல. கணிப்பு மென்பொருள் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் வெட்டும் இடங்களின் சாயலையும் பார்த்து, இது மரபணுவாக இருக்கலாம் என்று முன்மொழிகிறது. ஆர்என்ஏ கிடைத்தால் நம்பிக்கை கூடுகிறது. எவ்வளவு சான்று போதும் என்ற கோட்டை வரைவது மனிதர். கோட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை பட்டியலை விட்டுப் போகின்றன. ஆகவே இரண்டாவது நெடுவரிசை, இதைச் சொன்னது யார் என்ற நெடுவரிசை, அலங்காரத்துக்கு இல்லை. மூன்றாவதையும் நான்காவதையும் ஐந்தாவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை வீசிவிடும் நிரல்கள் உலகில் ஏராளம். அவை ஒரு கருத்தை வாங்கி, சொன்னவரின் பெயரை அழித்து, உண்மை என்று அடுத்தவருக்குக் கொடுக்கின்றன. எந்தப் பதிப்பு, எந்த நாளில் இறக்கியது, யாருடைய கணிப்பு என்பதை விடையோடு சேர்த்து எழுதிவைக்காத ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

சரியாகப் படித்ததன் பலன் நாற்றுப்பண்ணையில் தெரிகிறது. ஷெல்லின் இடம் கிடைத்த பிறகு, கன்றின் இலையிலிருந்து கொஞ்சம் எடுத்து டிஎன்ஏ சோதனை செய்தால் அது டூராவா, டெனெராவா, பிசிஃபெராவா என்று நடுவதற்கு முன்பே சொல்லிவிட முடியும். 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில் மலேசியா முழுவதும் தனியார் நிலங்களிலும் அவற்றுக்குக் கன்று கொடுக்கும் பண்ணைகளிலும் 10,224 மரங்களையும் கன்றுகளையும் சோதித்தார்கள். டெனெரா என்று நம்பி வளர்த்தவற்றில் 10.9 விழுக்காடு டெனெரா இல்லை. சிறு நிலக்காரர்களுக்கு இது கடினமான செய்தி. பத்தில் ஒரு மரத்துக்கு அவர்கள் போட்ட உரமும் கொடுத்த இடமும் கால் நூற்றாண்டுக்கு முழுப் பலன் தரப்போவதில்லை. அதே ஆய்வில் ஷெல்லில் மேலும் மூன்று புதிய மாற்றங்களும் கிடைத்தன. 2013இல் எழுதிய சோதனை இரண்டை மட்டும் தேடியிருக்கும். இந்த ஆய்வுக்குப் பிறகு ஐந்தையும் தேட வேண்டியதாயிற்று.

இந்தக் கோப்புகள் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. பெட்டாலிங் ஜெயாவின் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து என்சிபிஐ தளத்துக்குப் போய் செம்பனையின் குறிப்புக் கோப்பை யாரும் இறக்கிக்கொள்ளலாம். சாதாரண மடிக்கணினி போதும், லைப்ரரிக்குப் பணம் இல்லை. தரவுத்தளமாக மாற்றியதும் ஒன்பதாவது நெடுவரிசையில் தேடிப் பார்க்கத் தகுந்த சொற்றொடர் ஒன்று உண்டு: தன்மை அறியப்படாத புரதம். அந்த அடையாளத்தோடு வரும் வரிகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் எவை பழம் முற்றும் வாரங்களில் விழித்துக்கொள்கின்றன என்று வெளியாகியிருக்கும் ஆர்என்ஏ தரவோடு ஒப்பிடலாம். அதற்கு முன்னால், லைப்ரரி 0இலிருந்து எண்ணுகிறதா 1இலிருந்தா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.